போக்கும் வரத்தும்

கடலூரில் எங்கள் வீடு திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்கு மிகவும் பக்கத்தில் இருந்தது. வண்டி போகும்போதெல்லாம் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் சுவாமி படங்கள் லேசாக ஆடும். இரவில் எத்தனையோ வண்டிகள் போகும்; வீட்டில் யாரும் புரண்டுகூடப் படுக்க மாட்டார்கள். ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் என் அத்தை எழுந்து உட்கார்ந்து கை கூப்புவாள். அது போட் மெயில்.

"அந்த வண்டி கதிர்காமத்து முருகன்கிட்டே போகுதுடா" என்பாள்.

வாஸ்தவத்தில் அந்த வண்டி தனுஷ்கோடியோடு நின்றுவிடும். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து, சென்னை எழும்பூரில் டிக்கெட் வாங்கியவர் அதே டிக்கெட்டில் கொழும்புவரை போகலாம் என்று ஏற்பாடாகியிருந்தது. தனுஷ்கோடியில் இறங்கி ஸ்டீமர் ஏற வேண்டும். சுமார் 22 மைல் கடலைத் தாண்டினால் தலைமன்னார். அங்கே கொழும்பு ரயில் காத்திருக்கும். கொழும்பிலிருந்து மாத்தறைவரை மறுபடியும் ரயில், அதற்குப் பிறகு பஸ். இந்த வழி முழுவதும் அத்தைக்கு மனப்பாடம். சிதம்பரத்துக்குத் தெற்கே அவள் ஒரு தடவைகூடப் போனதில்லை என்பது வேறு விஷயம்.

அத்தை அப்பாவின் அக்காள். இளம் வயதிலேயே கணவனை இழந்து எங்களோடு இருந்தாள். அப்பாவுக்கு மஞ்சக்குப்பம் கச்சேரியில் குமாஸ்தா உத்தியோகம். சம்பளம் இருபதாம் தேதிக்கு மேல் தாங்காது. அத்தை அப்பளம் இட்டு நாலு வீட்டுக்குக் கொடுப்பாள். அந்தக் காசு ஒரு பிஸ்கோத்து டின்னுக்குள் போகும். பக்கத்திலேயே ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். அதில் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே கோடு கிழித்து இரண்டு பத்தி. ஒன்றின் தலையில் 'போக்கு' என்றும் மற்றதில் 'வரத்து' என்றும் எழுதியிருப்பாள்.

சாதாரணமாக வரத்து என்றால் வருமானம், போக்கு என்றால் செலவு. அத்தையின் கணக்கு அப்படி அல்ல. போக்கு என்றால் கதிர்காமத்துக்குப் போகிற செலவு. வரத்து என்றால் திரும்பி வருகிற செலவு.

"போறதுக்குச் சேர்ந்துடுச்சா அத்தை?" என்று நான் கேட்பேன்.

"போறதுக்கு இருக்குடா தம்பி. வர்றதுக்குத்தான் சேரணும்."

பையன்கள் நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். பல வருஷங்கள் கழித்துப் பழைய யாத்திரைகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோதுதான், அத்தையின் அந்த இரண்டு பத்திகளுக்குள் பெரிய சரித்திரம் ஒன்று அடங்கியிருப்பது தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

எங்கள் பக்கத்தில் யாத்திரை என்று பேச்செடுத்தால் முதலில் நிற்கிறவர் நந்தனார். கொள்ளிடக் கரை ஆதனூர்க்காரர். ஆதனூரிலிருந்து தில்லை ஒன்றும் கடல் கடந்த தூரம் அல்ல. ஆனாலும் 'நாளைப் போவேன், நாளைப் போவேன்' என்று சொல்லிச் சொல்லியே அவருக்குத் 'திருநாளைப்போவார்' என்று பெயர் வந்துவிட்டது. தடுத்தது வழிச்செலவு அல்ல. பிறந்த குலத்தின் பெயரால் ஊரார் போட்டிருந்த வேலி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கதையை எடுத்துப் பாடியபோது, பெரிய புராணத்தில் இல்லாத ஒருவரை உள்ளே கொண்டுவந்தார். அவர்தான் நந்தனை வேலை வாங்கும் வேதியர். நாற்பது வேலி நிலத்தையும் சாகுபடி செய்து முடித்துவிட்டுப் போ என்று உத்தரவு போட்டார். அந்த இடத்தில் கண் கலங்காத ஜனங்கள் தமிழ்நாட்டில் இல்லை. ஏன் தெரியுமா? பக்தி இருந்தும், தூரம் குறைவாக இருந்தும், லீவு கிடைக்காத கஷ்டம் எல்லாருக்கும் தெரிந்த கஷ்டம்.

ஆனால் கதையின் முடிவை நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை. நந்தனார் தீயில் இறங்கினார், முனிவர் கோலத்தோடு எழுந்தார், கோயிலுக்குள் போனார், மறைந்தார். போனவர் திரும்பவில்லை. ஆதனூரில் அவருடைய குடிசை என்ன ஆயிற்று, சேரியில் அவருக்காகக் காத்திருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அவருடைய கணக்கில் போக்கு உண்டு, வரத்து இல்லை. மகான்களுக்கு அது பொருந்தும். அப்பளம் இட்டுக் காசு சேர்க்கிறவர்கள் ஊருக்குத் திரும்ப வேண்டும். மறுநாள் அடுப்பு மூட்ட வேண்டும்.

நாம் அயல்நாட்டு யாத்திரை என்றால் இங்கிருந்து புறப்படுகிறவர்களைத்தான் நினைக்கிறோம். சிதம்பரமே கடல் கடந்த ஸ்தலமாக இருந்த ஜனங்களும் உண்டு. யாழ்ப்பாணத்துச் சைவர்களுக்கு மார்கழித் திருவாதிரை என்றால் சிதம்பரம்தான். போட் மெயில் வருவதற்கு வெகு காலம் முன்பே பருத்தித்துறையிலும் ஊர்காவற்றுறையிலும் தோணி ஏறி, வேதாரணியம், நாகப்பட்டினம் பக்கம் கரை சேர்ந்து, அங்கிருந்து நடந்தே வந்தார்கள். அவர்களில் பணக்காரர்கள் கொஞ்சம். தோட்டத்தில் புகையிலை போட்டு, பனங்காணியை நம்பிப் பிழைத்த குடும்பங்கள்தான் அதிகம்.

அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? வசதியுள்ளவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்த நிலத்தைச் சிதம்பரத்து மடங்களுக்கு எழுதி வைத்தார்கள். நிலம் அங்கே, மடம் இங்கே. அங்கே விளைந்தது இங்கே சோறாயிற்று. ஆகவே யாத்திரைக்கு வருகிறவன் தோணிக் கூலி சேர்த்தால் போதும். வந்த இடத்தில் படுக்கவும் சாப்பிடவும் ஊரார் ஒருவர் முன்கூட்டியே செலவு செய்து வைத்திருந்தார்.

போர்த்துகீசியர் ஆட்சிக் காலத்தில், பரங்கி அதிகாரியின் சாப்பாட்டுக்கு முறை வைத்துப் பசு கொடுக்க வேண்டும் என்ற உத்தரவுக்கு அஞ்சி, தம் முறை வருவதற்கு முன்னிரவே யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டவர் திருநெல்வேலி ஞானப்பிரகாசர் என்று சொல்வார்கள். அது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி. அவர் பெயரைச் சொல்லும் குளம் இன்னும் சிதம்பரத்தில் இருக்கிறது. 1864-ல் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். தரிசனத்துக்கு வந்தவர்கள் குளமும் பள்ளிக்கூடமும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வர முடியாதவர்களையும் அந்த ஊர் கைவிடவில்லை. காரைநகரில் ஒரு சிவன் கோயிலுக்கு 'ஈழத்துச் சிதம்பரம்' என்று பெயர். அங்கேயும் மார்கழித் திருவாதிரை பெரிய விழா. தோணிக் கூலிக்கும் வழி இல்லையா, இங்கேயே கும்பிட்டுக்கொள் என்று பெரியவர்கள் செய்த காரியமாகவே எனக்குப் படுகிறது. இதை நான் ஒருநாள் அத்தையிடம் சொன்னபோது, "நம்ம ஊர்ல மட்டும் முருகன் இல்லையாடா? இருந்தாலும் ஆசைன்னு ஒண்ணு இருக்கே" என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வது?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பாதையில், வெள்ளாறு கடலில் விழுகிற இடத்தில் இருக்கிறது பரங்கிப்பேட்டை. போர்த்துகீசியர்கள் 'போர்ட்டோ நோவோ', அதாவது புதிய துறைமுகம் என்றார்கள். முஸ்லிம்கள் மஹ்மூது பந்தர் என்றார்கள். சரித்திரப் புத்தகம் படித்தவர்களுக்கு 1781 ஜூலை 1-ஆம் தேதி ஹைதர் அலிக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டுக்கும் அங்கே நடந்த சண்டை ஞாபகம் இருக்கும். சண்டை நடந்தது ஒருநாள். அந்த ஊர் மரைக்காயர்கள் மலாக்காவுக்கும் கெடாவுக்கும் அச்சேவுக்கும் துணி ஏற்றிக் கப்பல் விட்டதோ பல தலைமுறைக் கதை.

எங்கள் வீட்டுக்குச் சட்டை தைத்துக் கொடுத்த தையற்காரர் அந்த ஊர்க்காரர். கடலூர் முதுநகரில் சின்னக் கடை வைத்திருந்தார். அப்பா அவரைப் 'பாய்' என்று கூப்பிடுவார்; நாங்களும் அப்படியே. அவருடைய பாட்டனாரின் அண்ணன் மக்காவுக்குப் போன கதையை அவர் ஒருமுறை சொன்னார். கையில் இருந்த காசு போவதற்குச் சரியாக இருந்ததாம். ஹஜ்ஜை முடித்துவிட்டு ஜித்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கி, ஆறு வருஷம் கழித்து ஊருக்கு வந்தாராம். அதற்குள் வீட்டில் பெண்சாதி ஜாடையாக 'விதவை' ஆகிவிட்டாள் என்று பாய் சொல்லிவிட்டு, ஊசியில் நூல் கோக்கும் சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

கதை கட்டுகிறார் என்று அன்று நினைத்தேன். அப்படியல்ல. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்து, நீராவிக் கப்பல்கள் பெருகிய பிறகு, இந்தியாவிலிருந்து ஏழைகளும் மக்காவுக்குப் போக ஆரம்பித்தார்கள். ஒருவழிச் சீட்டை வாங்கிக்கொண்டு போனவர்கள் ஏராளம். திரும்ப வழியில்லாமல் ஜித்தாவின் தெருக்களில் கிடந்தார்கள். மத விஷயத்தில் தலையிட்டதாகப் பெயர் வந்துவிடுமோ என்று பிரிட்டிஷ் சர்க்காருக்குப் பயம்; செலவு செய்து ஏற்றிவரவும் மனம் இல்லை. 1886-ல் தாமஸ் குக் கம்பெனியிடம் யாத்திரை ஏற்பாட்டை ஒப்படைத்துப் பார்த்தார்கள். சில வருஷங்களில் அதுவும் முடிந்தது.

கப்பலில் இந்த ஏழைகளுக்கு என்ன மதிப்பு இருந்தது என்பதற்கு 1880-ல் நடந்த ஒரு சம்பவம் போதும். 'ஜெத்தா' என்ற பெயருடைய கப்பல் சிங்கப்பூரிலிருந்து தொள்ளாயிரத்துக்கும் அதிகமான ஹஜ் பயணிகளோடு புறப்பட்டது. வழியில் புயலடித்துக் கப்பலுக்குள் தண்ணீர் ஏறியது. காப்டனும் ஆபீசர்களும் படகில் இறங்கித் தப்பி, ஏடனுக்குப் போய்க் கப்பல் முழுகிவிட்டதென்று சொன்னார்கள். சொல்லி வாய் மூடுவதற்குள், பயணிகளே தண்ணீரை இறைத்து மிதக்க வைத்திருந்த அந்தக் கப்பலை வேறொரு கப்பல் இழுத்துக்கொண்டு ஏடனுக்கு வந்து சேர்ந்தது! நாவல் பிரியர்களுக்கு இது தெரிந்திருக்கும்: ஜோசப் கான்ராட் 1900-ல் வெளியிட்ட 'லார்ட் ஜிம்' நாவலுக்கு வித்து இதுதான். கான்ராட் ஓடிப்போன ஆபீசரின் மனத்தைப் பற்றி எழுதினார். தண்ணீர் இறைத்தவர்களின் கதையை எழுத ஒருவரும் வரவில்லை.

கடைசியில் 1925-ல் சட்டம் திருத்தப்பட்டது. திரும்புகாலுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்க வேண்டும், அல்லது அந்தத் தொகையை முன்பணமாகக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கப்பல் ஏற முடியாது. அத்தை தன் நோட்டில் கிழித்த கோட்டை, இந்திய சர்க்கார் அரை நூற்றாண்டுக்கும் மேல் வாதம் செய்து சட்டப் புத்தகத்தில் கிழித்தது.

இதில் விசேஷம் என்னவென்றால், இஸ்லாமிய மார்க்கம் இந்தக் கணக்கை ஆதியிலேயே போட்டு வைத்திருக்கிறது. சக்தி உள்ளவர்களுக்குத்தான் ஹஜ் கடமை. சக்தி என்றால் உடம்பு மட்டும் அல்ல. போகவர வழிச்செலவு இருக்க வேண்டும். திரும்பி வரும்வரை வீட்டில் இருப்பவர்கள் பட்டினி கிடக்காமல் ஏற்பாடு இருக்க வேண்டும். கொடுக்க வேண்டிய கடனைக் கொடுத்திருக்க வேண்டும். இவை இல்லாதவர் மேல் கடமையே விழவில்லை. போகவில்லையே என்று அவர் குற்றவாளியாக நிற்க வேண்டியதில்லை.

பாயும் ஒரு தகரப் பெட்டியில் சேர்த்துக்கொண்டிருந்தார். மூத்த மகள் கல்யாணத்தில் ஒரு தடவை பெட்டி காலியாயிற்று. இன்னொரு தடவை மழையில் வீட்டுச் சுவர் விழுந்தபோது. "போச்சே பாய்!" என்று அப்பா அங்கலாய்த்தால், "கடமை இன்னும் என்மேல் ஆகலீங்க" என்று சொல்லிவிட்டுத் தையல் மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவார்.

பாயின் மைத்துனர் ஒருவர் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போய்க் கடையில் வேலை பார்த்தவர். அங்கிருந்து அவர் ஒரு செய்தி எழுதினார். மலாய் கிராமத்து ஜனங்கள் ஹஜ்ஜுக்குப் போவதற்காக நிலத்தையும் மாட்டையும் விற்றுவிட்டுப் போய், திரும்பி வந்து ஏழைகளாகிவிடுகிறார்கள். இதைப் பார்த்து உங்கு அஸீஸ் என்ற பொருளாதார நிபுணர் 1959-ல் ஒரு யோசனை எழுதினார். ஜனங்கள் சிறுகச் சிறுகக் காசு கட்டட்டும். அவர்களுக்கு வட்டி ஆகாது. ஆகவே அந்தப் பணத்தை நேர்மையான தொழிலில் போட்டு லாபத்தைப் பங்கிடலாம். போதுமான தொகை சேர்ந்ததும் கப்பல் ஏறலாம். 1963-ல் அந்தச் சேமிப்பு நிதி ஆரம்பமானபோது பணம் கட்டியவர்கள் 1,281 பேர். பிற்பாடு அது 'தாபூங் ஹாஜி' என்று உலகப் பெயர் பெற்றது. கடைசியில் பார்த்தால், அதுவும் ஒரு பிஸ்கோத்து டின்தான். ஆனால் ஒரு தேசமே சேர்ந்து வைத்துக்கொண்ட டின்.

நம் நாட்டில் 1959-ல் ஹஜ் கமிட்டிச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் ரிசர்வ் வங்கி, ஹஜ் பயணிகளுக்கென்றே பத்து ரூபாய், நூறு ரூபாய் நோட்டுகளைத் தனி நிறத்தில் அச்சிட்டது. பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குக் கப்பல் 1995 வரை ஓடிற்று. அதற்குப் பின் விமானம்தான். விமானக் கட்டணத்துக்குக் கொடுத்துவந்த மானியத்தைப் படிப்படியாக நிறுத்தும்படி 2012-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல, 2018-ல் அது நின்றது. இதற்கு நடுவே தமிழ்நாடு அரசு ஜெருசலேம் போகும் கிறிஸ்தவர்களுக்கும், மானசரோவர், முக்திநாத் போகும் இந்துக்களுக்கும் உதவித்தொகை தரத் தொடங்கியது. அரசு உதவலாமா, கூடாதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. யாழ்ப்பாணத்து நிலத்தை எழுதி வைத்தவரும் சரி, மலாய் நாட்டு நிபுணரும் சரி, சாதாரணக் குடும்பம் தன் ஒரு கையால் மட்டும் கடலைத் தாண்ட முடியாது என்று அறிந்திருந்தார்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

இனி அத்தையின் கணக்குக்கு வருகிறேன்.

1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்த பிறகு, கதிர்காமத்துக்குப் போக பாஸ்போர்ட், விசா என்று புதிய செலவுகள் சேர்ந்தன. அத்தை சளைக்கவில்லை. 1963-ஆம் வருஷம் வைகாசியில், "இன்னும் ஒரு வருஷம்டா" என்றாள். அந்த ஜூன் மாதம் எனக்கு அண்ணாமலை நகரில் கல்லூரியில் இடம் கிடைத்தது. பணம் கட்ட வேண்டிய தேதிக்கு மூன்று நாள் முன்பு அப்பா திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அத்தை உள்ளே போய் டின்னைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேச்சு இல்லை. நான் சிதம்பரத்துக்கு ரயில் ஏறினேன். என் யாத்திரை அது.

அடுத்த வருஷம், 1964 டிசம்பரில், புயல் தனுஷ்கோடியை அழித்தது. தண்டவாளமே கடலுக்குள் போய்விட்டது. ஸ்டீமரை ராமேசுவரத்திலிருந்து விட்டார்கள். 1980-களின் நடுவில், இலங்கையில் நடந்த கொடுமைகளுக்குப் பின், அதுவும் நின்றது. அதைப் பார்க்க அத்தை இல்லை. 1971-ல் அவள் காலமானாள்.

பாய் ஹஜ்ஜுக்குப் போனார். மகன் வளைகுடாவில் வேலைக்குப் போய்ப் பணம் அனுப்பினான். குலுக்கலில் பெயரும் விழுந்தது. பம்பாயில் கப்பல் ஏறிப் போய், சௌக்கியமாகத் திரும்பி வந்து, எங்கள் வீட்டுக்குப் பேரீச்சம்பழமும் ஒரு சின்னக் குப்பியில் ஜம்ஜம் தண்ணீரும் கொண்டுவந்தார். நான் அத்தையைப் பற்றிச் சொன்னேன். பாவம், கடைசிவரை போகவே முடியவில்லை என்றேன்.

பாய் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "எங்க கணக்குப்படி அந்த அம்மா மேல கடமை ஆகலை, தம்பி. அவங்க நல்லபடியாப் போய்ச் சேர்ந்துட்டாங்க. ஆனா உங்க மேல ஆகியிருக்கு" என்றார்.

அதன் பிறகு எனக்கு உத்தியோகம், குடும்பம், எழுத்து என்று நாளைக்கு நாளையாக ஐம்பது வருஷம் ஓடிவிட்டது. திருநாளைப்போவாருக்கு ஊர் வேலி போட்டது. எனக்கு யாரும் போடவில்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். நின்றது, மறுபடி 2024-ல் ஓடியது. செய்தியைப் பத்திரிகையில் படித்ததும் பரண் மேல் இருந்த அத்தையின் நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன்.

1963 ஜூன் மாதப் பக்கத்தில் இரண்டு பத்திக்கும் குறுக்கே, 'தம்பி காலேஜ்' என்று எழுதி மொத்தத் தொகையையும் கழித்திருந்தாள். கதை அங்கே முடிந்தது என்றுதான் இத்தனை வருஷமும் எண்ணியிருந்தேன். பக்கத்தைத் திருப்பினேன். ஜூலை மாதம், மறுபடியும் நடுவே கோடு. போக்கு, ஒரு ரூபாய். வரத்து, ஒரு ரூபாய்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.